மைலேஜ் குறைந்தால் பழி யார்மேல்? பருவமும் எரிபொருள் கலவையும்

பலசரக்கு வியாபாரத்தில் லாபம் விற்ற இடத்தில் இல்லை, வாங்கிய இடத்தில்தான் இருக்கிறது என்பார்கள் நம் பெரியவர்கள். இன்று அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஏற்றி வந்த வழியிலும் இருக்கிறது. மண்டைக்காட்டிலிருந்து கோட்டாறு சந்தைக்குப் போய்வரும் டெம்போவானாலும், திங்கள்சந்தை, குளச்சல் கடைகளுக்குச் சரக்கு போடும் ‘குட்டி யானை’யானாலும், வீட்டுக்கு வீடு சாமான் கொண்டு கொடுக்கும் ஸ்கூட்டரானாலும், எரிபொருள் செலவு மூட்டையின் விலையில் ஏறித்தான் வருகிறது. அரிசியிலும் சீனியிலும் கிலோவுக்குச் சில காசுகளைப் பார்த்துப் பிழைக்கும் நமக்கு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைவது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் பணம் மட்டும் இதில் போவதில்லை. மைலேஜ் குறைந்ததும் முதலில் சந்தேகப்படுவது ஓட்டுநரை, அடுத்து பெட்ரோல் பங்கை, அதற்கடுத்து மெக்கானிக்கை. பல வருடம் நம்பிக்கையாக வேலை பார்த்தவரை, “போன மாதம் பதினைந்து கொடுத்தது, இந்த மாதம் பதினான்குதானே கொடுக்கிறது?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அந்த உறவு பிறகு பழையபடி ஆவதில்லை. குறைந்தது எரிபொருளாலா, பருவத்தாலா, வண்டியாலா, கையாலா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்த வம்பு வராது. அதற்கு உதவவே இக்கட்டுரை.

லிட்டர் ஒன்று, சக்தி வேறு

தேங்காயெண்ணெயை லிட்டரில் விற்பதற்கும் கிலோவில் விற்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ நிற்காது. பெட்ரோலும் டீசலும் அப்படித்தான். நாம் வாங்குவது லிட்டரில். வண்டியை ஓட்டுவது அந்த லிட்டருக்குள் இருக்கும் சக்தி. அந்தச் சக்தி எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. எதைக் கலந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும், வெப்பநிலையைப் பொறுத்தும் அது சற்றே மாறும்.

இதில் வெப்பநிலையின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. பெட்ரோல் ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். பத்து டிகிரி மாறினால் நூற்றுக்கு ஒன்று. பங்குகளின் தொட்டிகள் பூமிக்கு அடியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் உள்ளே இருக்கும் எண்ணெயின் சூடு அதிகம் மாறாது. ஆகவே, விடியற்காலையில் போட்டால் லாபம் என்று கடையைத் திறக்காமல் பங்கில் போய் நிற்பதில் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. கலவையின் பங்கு இதைவிடப் பெரியது.

குளிர்நாட்டுக் கணக்கு

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் உறவினர்கள், குளிர்காலப் பெட்ரோலில் மைலேஜ் வராது என்று சொல்லக் கேட்டிருப்போம். அது உண்மைதான். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பிறகே எரியும். கடுங்குளிரில் அது ஆவியாக மறுக்கும், வண்டி கிளம்பாது. அதனால் அங்கே குளிர்காலத்தில் பியூட்டேனைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். நம் சமையல் சிலிண்டரில் இருக்கும் வாயுக்களில் ஒன்றுதான் அது. எளிதில் ஆவியாகும், ஆனால் லிட்டருக்கு லிட்டர் சக்தி குறைவு. கோடையில் அதே பெட்ரோலை விற்றால் தொட்டியிலிருந்தே ஆவியாகிக் காற்றைக் கெடுக்கும். எனவே அமெரிக்காவில் சில்லறை பங்குகள் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை ஆவியாகும் தன்மை குறைந்த கோடைப் பெட்ரோலையே விற்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

இந்த இரண்டு பெட்ரோலுக்கும் சக்தியில் வித்தியாசம் எவ்வளவு? அந்நாட்டு அரசின் கணக்குப்படி நூற்றுக்கு சுமார் 1.7 மட்டுமே. ஆனால் வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து உறைநிலைக்கும் கீழே 7 டிகிரிக்கு இறங்கினால் நகருக்குள் ஓடும் காரின் மைலேஜ் நூற்றுக்கு 15 வரை குறைகிறது. மீதி எல்லாம் எங்கே போனது? எஞ்சின் சூடாக நேரம் ஆவதிலும், எஞ்சின் ஆயில் கெட்டியாவதிலும், நின்ற இடத்தில் வண்டியை ஓடவிட்டு வைப்பதிலும் போனது. கலவையால் ஆவது கொஞ்சம். அதே பருவத்தில் சேர்ந்து வரும் மற்றவற்றால் ஆவது அதிகம். இந்த ஒரு பாடத்தை மனதில் வைத்துக்கொண்டால் நம் ஊர்க் கணக்கும் தெளிவாகும்.

நம் நாட்டில் பருவக் கலவை உண்டா?

உண்டு, ஆனால் குமரி மாவட்டத்தில் அது நம் கண்ணில் படுவதில்லை. மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் உறைந்து டின்னிலிருந்து ஊற்ற முடியாமல் போவதை நாம் வருடந்தோறும் பார்க்கிறோம். டீசலிலும் மெழுகு போன்ற ஒரு பொருள் இருக்கிறது. குளிர்ந்தால் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். இதற்காகவே இந்தியத் தர நிர்ணயம் டீசலின் உறைவுக்கு இரண்டு வரம்பு வைத்திருக்கிறது. கோடைக்கு 15 டிகிரி, குளிர்காலத்துக்கு 3 டிகிரி. அந்த வரம்புக்குக் கீழே போகும்வரை டீசல் ஓட்டம் இழக்கக் கூடாது. லடாக் போன்ற பனிப் பிரதேசத்துக்கு அதுவும் போதாது என்பதால், உறைநிலைக்குக் கீழே 33 டிகிரியிலும் உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது.

கடலோரத்து மண்டைக்காட்டில் தை மாதமும் சித்திரை மாதமும் வெப்பநிலையில் சில டிகிரிகள்தான் விலகி நிற்கின்றன. எனவே குளிர்காலப் பெட்ரோல், கோடைப் பெட்ரோல் என்ற பேச்சால் நமக்கு மைலேஜ் மாறுவதில்லை. நமக்கு வந்திருக்கும் மாற்றம் எத்தனால்.

எத்தனால் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது?

பெட்ரோலில் எத்தனால் கலப்பது புதிதல்ல. 2003-ல் தமிழ்நாடு உள்பட 9 மாநிலங்களில் நூற்றுக்கு 5 என்று தொடங்கியது. 2022 ஜூனில் நாடு நூற்றுக்கு 10 என்ற அளவை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை சில பங்குகளில் விற்பனைக்கு வந்து, 2025-ல் நாடெங்கும் பரவியது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பது, கரும்பு விவசாயிக்குச் சந்தை ஏற்படுத்துவது என்பவை இதன் நோக்கங்கள். எத்தனால் வருவது நம் கடைச் சரக்கிலிருந்துதான்: கரும்பு, மக்காச்சோளம், அரிசி. கரும்பு விளைச்சல் குறையும் என்ற அச்சத்தில் 2023 டிசம்பரில், கரும்புச் சாற்றை எத்தனாலுக்குத் திருப்புவதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. 2024-ல் அதைத் தளர்த்தியது. சீனி மூட்டை விலையைப் பார்க்கிறவர்கள் இனி எத்தனால் செய்தியையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது மைலேஜுக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 பங்கு சக்தி இருந்தால், ஒரு லிட்டர் எத்தனாலில் 21 பங்குதான் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதை வைத்து நாமே கணக்குப் போடலாம். நூற்றுக்கு 10 கலந்தால் சக்தி சுமார் மூன்றரை குறையும். நூற்றுக்கு 20 கலந்தால் சுமார் 7 குறையும். அதாவது பத்திலிருந்து இருபதுக்கு மாறியபோது குறைந்தது மூன்றரை அளவுதான்.

எத்தனாலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அதன் ஆக்டேன் அளவு அதிகம். அதற்கென்று அமைத்த எஞ்சின் இந்தக் குறையில் ஒரு பகுதியை ஈடு செய்துவிடும். 10 சதவீதக் கலவைக்கு வடிவமைத்து 20-க்கும் சரிசெய்யப்பட்ட கார்களில் மைலேஜ் நூற்றுக்கு 1 முதல் 2 வரையும், மற்ற வண்டிகளில் 3 முதல் 6 வரையும் குறையலாம் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்த பழைய ஸ்கூட்டர் 43, 44 என்று கொடுத்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அதே ஸ்கூட்டர் 35 கொடுத்தால் காரணம் எத்தனால் அல்ல. வேறு எங்கோ கோளாறு இருக்கிறது.

இன்னொன்றையும் வணிகப் பெருமக்கள் நன்றாக நினைவில் கொள்ள வேண்டும். எத்தனால் கலப்பது பெட்ரோலில் மட்டுமே, டீசலில் அல்ல. டீசலில் ஓடும் டெம்போவுக்கு மைலேஜ் குறைந்துவிட்டு, “இப்போது எல்லாம் கலப்புதானே” என்று யாரேனும் சமாதானம் சொன்னால் அதை ஏற்க வேண்டாம். டீசல் வண்டிக்குக் காரணம் வேறு.

நம் மாவட்டத்தின் மூன்று பருவங்கள்

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெறும் மாவட்டம் நமது. ஆகவே நம் வண்டிக் கணக்கில் கலவையைவிடப் பருவமே பெரிய கை. மூன்று காலங்களைக் குறிப்பாகச் சொல்லலாம்.

முதலாவது, ஆடிக்காற்று. அம்மியும் பறக்கும் என்று சொல்லும் காற்று அது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. விருதுநகரில் பருப்பும் வத்தலும் ஏற்றிக்கொண்டு வரும் வண்டி அந்த இடத்தில் காற்றை நேராக எதிர்த்து வருகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு எதிரே 25 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால், வண்டி 75 கிலோமீட்டர் காற்றைக் கிழிக்க வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால் அது இரண்டேகால் மடங்கு ஆகிவிடும். தார்ப்பாய் தளர்ந்து உப்பியிருந்தால் இன்னும் மோசம். போகும்போது அதே காற்று தள்ளிவிடுமே என்றால், தள்ளுவது வெற்று வண்டியை. தடுப்பது பாரம் ஏற்றிய வண்டியை. தள்ளுவதில் கிடைக்கும் மிச்சம் தடுப்பதில் போகும் செலவுக்கு ஈடாகாது. ஆனி, ஆடியில் கிழக்கேயிருந்து சரக்கு கொண்டு வரும் ஓட்டுநர் டீசல் கூடுதலாகப் போட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது, ஐப்பசி கார்த்திகை மழை. தண்ணீர் நிற்கும் சாலையும் குழியும் வண்டியைத் தாழ்ந்த கியரிலேயே ஓட வைக்கும். பெட்ரோல் வண்டிகளுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சிறிதளவு தண்ணீர் என்றால் அதில் கரைந்து எஞ்சினோடு போய்விடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். எஞ்சின் இழுப்பது அந்த அடித் திரவத்தைத்தான். வண்டி திக்கித் திக்கி நிற்கும். டாங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று மழைக்கு முன்பே பாருங்கள். சில பத்து ரூபாய்ச் செலவு பெரிய ரிப்பேரைத் தவிர்க்கும். வாரக்கணக்கில் ஓட்டாமல் மழையில் நிறுத்தும் ஸ்கூட்டரில் பெட்ரோலை அடிமட்டத்தில் விட்டு வைக்காதீர்கள்.

மூன்றாவது, மாசிக் கொடை. பகவதி அம்மன் கோயிலில் பத்து நாள் திருவிழா நடக்கும்போது இருமுடி கட்டிவரும் பெண்கள் கூட்டத்தில் சாலையே தெரியாது. நமக்கு வியாபாரம் நடக்கும் நாட்கள் அவை. வண்டிக்கோ இருபது அடி நகர்ந்து இரண்டு நிமிடம் நிற்கும் நாட்கள். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது எண்ணெய் போகிறது, கிலோமீட்டர் ஏறுவதில்லை. அந்த மாத மைலேஜ் குறையாமல் இருந்தால்தான் வியப்பு. இயன்றவரை கொடிக்கு முன்பே பருவட்டான சரக்கை இறக்கிவைத்துவிட்டு, விழா நாட்களில் விடியற்காலை நடையோடு நிறுத்திக்கொள்வது லாபம்.

கணக்கு எழுதும் முறை

ஓண வியாபாரத்தை நாம் சித்திரை மாத வியாபாரத்தோடு ஒப்பிடுவதில்லை. போன ஓணத்தோடுதான் ஒப்பிடுகிறோம். மைலேஜுக்கும் அதே வழி. இந்த ஆடியைப் போன ஆடியோடும், இந்த மாசியைப் போன மாசியோடும் ஒப்பிட வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

டாங்கை நிரப்புங்கள், குழாய் தானாக நிற்கும்போது நிறுத்துங்கள், மேலும் சொட்டு விடவேண்டாம். மீட்டரில் உள்ள கிலோமீட்டரை எழுதுங்கள். அடுத்த முறை அதே பங்கில் அதேபோல் நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்றும் மீட்டர் எவ்வளவு என்றும் எழுதுங்கள். உதாரணமாக, முதலில் 31,240, அடுத்து 31,690, பிடித்தது 30 லிட்டர். ஓடியது 450 கிலோமீட்டர். லிட்டருக்கு 15. ஒரு தடவைக் கணக்கை நம்பக்கூடாது. மூன்று நிரப்பலின் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்து வருவதே சரியான மைலேஜ். பக்கத்தில் ஒரு சொல் குறித்து வையுங்கள்: காற்று, மழை, திருவிழா, அதிக பாரம்.

குறைவு எவ்வளவு பணம் என்று பார்ப்போம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தால் 100 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10,000 ரூபாய். மைலேஜ் நூற்றுக்கு 4 குறைந்தால் கூடுதல் செலவு சுமார் 420 ரூபாய். கலவையாலும் பருவத்தாலும் வரக்கூடியது இந்த அளவு. நூற்றுக்கு 20 குறைந்தால் கூடுதல் செலவு 2,500 ரூபாய். இது எந்தக் கலவையாலும் வராது. டயரில் காற்று, அடைத்த ஏர் ஃபில்டர், இறுகிப் பிடிக்கும் பிரேக், நழுவும் கிளட்ச், அளவுக்கு மீறிய பாரம், எண்ணெய்க் கசிவு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இவை எல்லாம் சரி என்று மெக்கானிக் சொன்ன பிறகே, அளவிலோ கையிலோ குறை இருக்கிறதா என்ற கேள்வி.

பங்கில் நமக்குள்ள உரிமை

நம் தராசுக்கு வருடந்தோறும் முத்திரை வைப்பது போலவே பங்கின் குழாய்க்கும் முத்திரை உண்டு. அளவில் சந்தேகம் வந்தால், அங்கே வைத்திருக்கும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. கலப்படச் சந்தேகம் இருந்தால் ஃபில்டர் தாளில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டுப் பார்க்கக் கேட்கலாம். ஆவியான பின் கறை நிற்கக் கூடாது. அன்றைய அடர்த்தியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதெல்லாம் வாடிக்கையாளரின் உரிமை. நம் கடையில் ஒருவர் எடைபோட்டுக் காட்டச் சொன்னால் நாம் முகம் சுளிக்காமல் காட்டுகிறோம் அல்லவா? அதே மரியாதையோடு அங்கேயும் கேட்கலாம். பில் வாங்க மறக்க வேண்டாம். பில் இல்லாத புகார் நிற்காது.

கடைசியாக ஒன்று. இந்த நோட்டை ஓட்டுநருக்குத் தெரியாமல் முதலாளி எழுதக்கூடாது. ஓட்டுநர் கையால் எழுதச் சொல்லி, மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். காற்றடித்த நாளையும் கூட்டத்தில் நின்ற நாளையும் அவர்தான் அறிவார். நேர்மையானவருக்கு அந்த ஏடே சாட்சி. நேர்மையற்றவருக்கு, கணக்கு இருக்கிறது என்ற நினைப்பே போதும். நூற்றுக்கு நான்கு போனது எத்தனாலோடும் ஆடிக்காற்றோடும் போகட்டும். அதற்காக நல்ல வேலையாளை இழப்பது எந்த வியாபாரிக்கும் கட்டாது.